சென்னைக்குப் புதிதா? வார்டு கவுன்சிலரிடம் போகும்முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மூடி உடைந்து, ஒரு ஸ்கூட்டியின் முன்சக்கரம் உள்ளே இறங்குகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதை மூட எனக்கு 11 மாதம் பிடித்தது. முதல் 7 மாதம் வீணானதற்கு முழுக்க என் அறியாமைதான் காரணம். அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத வார்டின் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றேன். குடிநீர் வாரியத்தில் சண்டை போட்டேன். எங்கும் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. வழி பிடிபட்ட பிறகு, அதே தெருவில் 3 விளக்குகள் எரியாமல் போனபோது 9 நாளில் வேலை முடிந்தது. நானும் அதே ஆள்தான், கவுன்சிலரும் அதே கவுன்சிலர்தான்.

வெளியூரிலிருந்து வந்து இங்கே வாடகைக்கோ சொந்தமாகவோ குடியேறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர்ப்பக்கம் என்றால் தலைவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டாலே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவார்கள். இங்கே 15 மண்டலம், 200 வார்டு. அதோடு 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகளை வைத்து மாநகராட்சி ஓடியது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் கவுன்சிலரை எதற்குப் பார்ப்பது என்பது மறந்துபோயிருக்கிறது.

கவுன்சிலர் கையில் மண்வெட்டியும் கிடையாது, காசோலைப் புத்தகமும் கிடையாது. வேலையைச் செய்வது மாநகராட்சி ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும். கவுன்சிலர் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டு ‘அது என்னாச்சு?’ என்று கேட்க முடியும். மண்டலக் கூட்டத்திலும், எல்லாக் கவுன்சிலர்களும் கூடும் மாமன்றத்திலும் எழுந்து பேச முடியும். தன் வார்டு நிதியில் எந்த வேலை முதலில் என்று எழுதிக் கொடுக்க முடியும். நீங்கள் கேட்கப் போவது இவற்றில் எதற்குள் வரும் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

1. உங்கள் வார்டு எண்ணை உறுதி செய்யுங்கள்

முதலில், நீங்கள் இருப்பது சென்னை மாநகராட்சிதானா? விலாசத்தில் ‘சென்னை’ என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை எல்லாம் தாம்பரம் மாநகராட்சி. ஆவடி தனி மாநகராட்சி. மேடவாக்கத்தில் குடியிருந்த என் நண்பர் 2022-இல் மூன்று வாரம் சென்னை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இருந்தது ஊராட்சி. அவர் பார்க்க வேண்டியிருந்தது ஊராட்சித் தலைவரை, அங்கே மாநகராட்சிக் கவுன்சிலர் கிடையாது.

சென்னை மாநகராட்சிதான் என்றால், தெருப் பெயர்ப் பலகையில் மண்டல எண்ணும் வார்டு எண்ணும் இருக்கும். இன்னொரு வழி சொத்து வரி ரசீது. அதிலுள்ள நீளமான எண்ணில் முதல் பகுதி மண்டலம், இரண்டாவது பகுதி டிவிஷன், அதாவது வார்டு, அடுத்தது பில் எண். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் ரசீதின் போட்டோ ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகும் பல இடத்தில் உதவும்.

எல்லையில் இருக்கும் தெருவானால் இது மட்டும் போதாது. எங்கள் தெருவில் இடப்பக்க வீடுகள் ஒரு வார்டு, வலப்பக்க வீடுகள் இன்னொரு வார்டு. உடைந்த மூடி இருந்தது வலப்பக்கம், நான் குடியிருந்தது இடப்பக்கம். என் கவுன்சிலரிடம் இரண்டு மாதம் நடந்த பிறகுதான் ‘அது அந்தப் பக்கம்மா’ என்றார்கள். உங்கள் வீடு எந்த வார்டு என்பதைவிட, பிரச்சினை இருக்கும் இடம் எந்த வார்டு என்பதுதான் கணக்கு. சந்தேகம் என்றால் 1913-இல் அந்த இடத்தின் கதவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எம்.எல்.ஏ. தொகுதியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு தொகுதிக்குள் பல வார்டுகள் வரும்.

2. வேலை யாருடையது என்று பிரியுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெருவோரம் ஓடுகிற மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. தெரு நடுவே வட்ட மூடி போட்டுப் பூமிக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. நம் வாய்க்கு இரண்டும் ‘டிரைனேஜ்’தான். போனில் ‘டிரைனேஜ் மூடி உடைஞ்சிருக்கு’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தன் வசதிக்கு ஏற்பப் புரிந்துகொள்வார். ‘தெருவோர மழைநீர் வடிகால், காங்கிரீட் மூடி’ அல்லது ‘தெரு நடுவில் இருக்கும் கழிவுநீர் மேன்ஹோல், வட்ட மூடி’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தெருவிளக்கு மாநகராட்சி. மின்பெட்டி திறந்து கிடப்பது, மின்கம்பி தொங்குவது, வீட்டுக்கு மின்சாரம் வராதது எல்லாம் மின்வாரியம், அதற்கு மின்னகம் 94987 94987. குடிநீர், கழிவுநீர் என்றால் வாரியத்தின் 1916 அல்லது 044-4567 4567. குப்பை, கொசு, தெருநாய், பூங்கா, தெருவிளக்கு, உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால் எல்லாம் 1913. ஆனால் சாலை என்றாலே மாநகராட்சி என்று நினைக்காதீர்கள். நகருக்குள் ஓடும் சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. மாநகராட்சிச் சாலைகளிலும் பேருந்து போகும் சாலைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்கு அதில் வேலை கிடையாது. ரேஷன் கடை, முதியோர் ஓய்வூதியம், பட்டா ஆகியவை மாநகராட்சிக்கே சம்பந்தமில்லாதவை. கவுன்சிலர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம், அதற்குமேல் எதுவும் இல்லை.

குடிநீர் வாரிய வேலையாக இருந்தாலும் கவுன்சிலரிடம் போகலாம். பகுதி வாரியாக வாரியத்துக்கு டெப்போ என்ற கிளை அலுவலகம் உண்டு, டெப்போ பொறியாளரின் எண் கவுன்சிலரிடம் இருக்கும். இதைவிட எனக்குப் பயன்பட்டது வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை நடக்கும் குறைகேட்புக் கூட்டம். பகுதிப் பொறியாளர் எதிரில் உட்கார்ந்து பேசலாம்.

புது மனைப்பிரிவில் வீடு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மனை போட்டவர் தெருக்களைத் தானப் பத்திரம் மூலம் மாநகராட்சியிடம் ஒப்படைத்திருந்தால்தான் அது மாநகராட்சித் தெரு. ஒப்படைக்காவிட்டால் தனியார் இடம். விளக்கும் வராது, தாரும் விழாது, கவுன்சிலர் தலைகீழாக நின்றாலும் மதிப்பீடே போட முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளே இருக்கும் எதற்கும் இதே கதைதான்.

வடிகாலில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுக்கும் முன்னால், உங்கள் கட்டடத்துக் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகச் சேர்த்திருந்தால் இணைப்பை அடைத்து அபராதமும் போடுவார்கள். எங்கள் தெருவில் ரொம்பக் குரல் கொடுத்தவர் வீட்டுக் குழாய்தான் முதலில் சிக்கியது.

3. கவுன்சிலருக்கு முன்னால் புகார் எண்

1913-க்குப் போன் செய்யுங்கள், அல்லது ‘நம்ம சென்னை’ செயலியில் போட்டோவோடு பதிவு செய்யுங்கள். செலவு ஒன்றுமில்லை. புகார் எண் குறுஞ்செய்தியில் வரும். அதை அழித்துவிடாதீர்கள்.

‘கவுன்சிலரே இருக்கும்போது இது எதற்கு’ என்று நானும் கேட்டிருக்கிறேன். புகார் எண் இல்லாமல் போனால் கவுன்சிலர் போனில் சொல்லுவார், உதவிப் பொறியாளர் ‘பார்க்கிறேன் சார்’ என்பார், அத்தோடு இருவரும் மறந்துவிடுவார்கள். எண் இருந்தால் அது கணினியில் நிலுவையாக நிற்கும், மேலிடத்தில் கேட்பார்கள். கவுன்சிலருக்கும் கையில் ஒரு பிடி கிடைக்கும்.

விளக்கு என்றால் கம்பத்தில் பெயிண்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். மற்றவற்றுக்குக் கதவு எண்ணும் அடையாளமும்: ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, 14-ஆம் எண் வீட்டு வாசல்’. ஒரு புகாரில் ஒரு பிரச்சினை மட்டும். குப்பை, விளக்கு, பள்ளம் மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் குப்பையை அள்ளிவிட்டு மொத்தமும் முடிந்தது என்று போட்டுவிடுவார்கள்.

ஒன்றும் நடக்காமலே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வருவதும் உண்டு. எனக்கு இரண்டு முறை வந்தது. கோபப்பட்டு விட்டுவிடாமல் அன்றே அந்த இடத்தைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், மறுபடி பதிவு செய்யுங்கள், பழைய எண்ணையும் குறிப்பிடுங்கள். இப்படித் தப்பாக முடிக்கப்பட்ட எண்கள் கையில் சேரச் சேர உங்கள் மனுவின் கனம் கூடும்.

சின்ன வேலைக்கு ஒரு வாரம் பொறுங்கள். திறந்த வடிகால், தொங்கும் கம்பி மாதிரி உயிருக்கு ஆபத்தானது என்றால் பொறுக்க வேண்டாம், அன்றே கவுன்சிலருக்கும் போன் செய்துவிடுங்கள்.

4. மனுவை இப்படி எழுதுங்கள்

வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். வாட்ஸ்அப் செய்தி இருநூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். ஒரே ஒரு பக்கத்தில் காகிதத்தில் எழுதுங்கள். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, கையெழுத்து புரிந்தால் போதும். நான் கொடுத்த மனுவின் அமைப்பு இது:

அனுப்புநர்: பெயர், கதவு எண், தெரு, கைப்பேசி எண்.
பெறுநர்: மாமன்ற உறுப்பினர் அவர்கள், வார்டு எண், மண்டலம், பெருநகர சென்னை மாநகராட்சி.
பொருள்: இன்ன தெருவில் கதவு எண் 14-க்கு எதிரே மழைநீர் வடிகால் மூடி உடைந்திருப்பது – மாற்றித் தரக் கோருதல்.
பார்வை: 1913 புகார் எண்களும் தேதிகளும்.
பிறகு மூன்றே வாக்கியம்: எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, யாருக்கு என்ன ஆபத்து, என்ன செய்து தர வேண்டும்.
இணைப்பு: போட்டோ 2, வரைபடம் 1.
நகல்: உதவிப் பொறியாளர், வார்டு அலுவலகம், மண்டல அலுவலர்.

கடைசியில் வருகிற அந்த நகல் வரியை விட்டுவிடாதீர்கள். கவுன்சிலரிடம் கொடுத்த அன்றே மற்ற இருவருக்கும் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மண்டல அலுவலகத்தில் தபால் பிரிவு இருக்கும், அங்கே முத்திரை குத்தித் தருவார்கள். கவுன்சிலர் அலுவலகத்தில் முத்திரை கேட்டால் சில பேர் முகம் சுளிப்பார்கள். ‘தெருக்காரங்களுக்குக் காட்டணும், ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள், யாரும் மறுப்பதில்லை.

தனியாகப் போவதைவிட 15, 20 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றைப் பின்னால் வைத்தால் பலன் வேறு மாதிரி இருக்கும். பெயர், கதவு எண், கைப்பேசி எண், கையெழுத்து. இந்த வார்டில் ஓட்டு இருப்பவர்கள் முதலில் வரட்டும். கவுன்சிலரின் கண் முதலில் போவது அங்கேதான், அதில் தப்பும் இல்லை. உங்கள் ஓட்டு இன்னும் ஊரிலேயே இருந்தால் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை.

மனுவில் திட்ட வேண்டாம். என் முதல் மனு இரண்டரைப் பக்கம். வரிப்பணம், கடமை தவறிய அதிகாரிகள் என்று எல்லாம் இருந்தது. மூடி எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பது மட்டும் இல்லை.

5. நேரில் போகும்போது

மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். நிறைய பேருக்குத் தொழில் வேறு இருக்கிறது. அதனால் அலுவலக நேரம் என்று ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் காலை 7 முதல் 9-க்குள் வார்டைச் சுற்றுவார்கள், துப்புரவுப் பணியாளர் வருகைப் பதிவு நடக்கும் இடத்திலோ வார்டு அலுவலக வாசலிலோ பிடித்துவிடலாம். நான் கடைசியில் அப்படித்தான் பிடித்தேன். மாமன்றக் கூட்டம் ரிப்பன் மாளிகையில் நடக்கும் நாளில் போனால் வீண் அலைச்சல்.

பார்த்துப் பேசினால் ‘வந்து ஒரு நிமிஷம் பாருங்க மேடம்’ என்று இடத்துக்கே கூட்டிப் போய்விடுங்கள். கவுன்சிலர் நிற்கும் இடத்துக்கு உதவிப் பொறியாளரும் வந்துவிடுவார். எங்கள் வடிகால் மூடியின் நீள அகலத்தை அளந்தது அந்த நாளில்தான், அதற்கு முன் 8 மாதத்தில் யாரும் டேப்பை எடுக்கவில்லை.

சென்னையில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சில இடங்களில் போனை எடுப்பது கணவர், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது தம்பி. அவர்களிடம் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் மனுவில் கவுன்சிலரின் பெயரே இருக்கட்டும், கையெழுத்தும் அவரே போடட்டும். ‘மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்’ என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, நேரடியாகப் பேச்சு வந்தால் அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு தெருவும் அத்துப்படி.

அலுவலகத்தைச் சுற்றி ‘அண்ணன்கிட்ட நான் சொல்லிடறேன்’ என்று நிற்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எந்த வேலைக்கும் பொதுமக்கள் பணம் கட்ட வேண்டியதே இல்லை. வீட்டு வேலைக்கு மணல், ஜல்லி இறக்கியதும் யாராவது வந்து ‘கவுன்சிலர் ஆபீஸ்லேருந்து வர்றோம்’ என்றால், பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு ‘நானே நேர்ல வந்து பார்க்கறேன்’ என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்ன வீட்டுக்கு அவர்கள் திரும்ப வரவில்லை.

6. பெரிய வேலை என்றால் வார்டு நிதியும் காலமும்

மூடி மாற்றுவது, விளக்கு எரிய வைப்பது எல்லாம் பராமரிப்பு. புதிய சாலை, புதிய வடிகால், பூங்காவுக்கு விளையாட்டுச் சாதனம் என்றால் நிதி ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஆண்டுதோறும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. 2022-23 பட்ஜெட்டில் அதை 30 லட்சத்திலிருந்து 35 லட்ச ரூபாயாக ஏற்றினார்கள், பிறகும் ஏற்றியிருக்கிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு, அதில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கவுன்சிலரிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அந்தப் பணம் கவுன்சிலர் கைக்கு வருவதில்லை. அவர் வேலையை எழுதிக் கொடுக்க, பொறியாளர் மதிப்பீடு போட, டெண்டர் விட்டு ஒப்பந்ததாரருக்குப் போகும்.

கேட்க வேண்டிய மாதம் ஏப்ரல். நிதியாண்டு தொடங்கும்போதே பட்டியலில் ஏறிவிட வேண்டும். டிசம்பரில் போனால் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் தெருக்கோடியில் 40 மீட்டர் நடைபாதைக்கு ஏப்ரலில் மனு கொடுத்தோம். ஜூனில் மதிப்பீடு, ஆகஸ்டில் டெண்டர். அக்டோபரில் மழை வந்ததும் நின்றது. ஜனவரியில் பொங்கல் முடிந்து மறுபடி தொடங்கி அந்த மாதக் கடைசியில் முடித்தார்கள். இதைத் தாமதம் என்று நான் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சாலை வெட்ட அனுமதி தருவதில்லை, தரவும் கூடாது. வடிகால் தூர்வார வேண்டும் என்றால் ஜூன், ஜூலையிலேயே கேளுங்கள். தீபாவளி மழையில் நின்றுகொண்டு கேட்டால் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கத்தான் முடியும்.

தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டால் புதிய வேலை எதுவும் தொடங்காது. ஏற்கெனவே பணி ஆணை கொடுத்துத் தொடங்கியது மட்டும் நடக்கும். அந்த ஆண்டு ஏப்ரலில் தேர்தல் என்றால் ஜனவரிக்குள் பணி ஆணை வரப் பாருங்கள்.

தார்ச் சாலை போட வருகிறார்கள் என்றால் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடுகிறார்களா என்று வாசலில் நின்று பாருங்கள். அதை மில்லிங் என்பார்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் பழைய தெருக்களில் வீடுகள் எல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன. தொடங்கும் முன்பே கவுன்சிலருக்குப் போன் செய்தால் நிறுத்தலாம். தார் ஊற்றிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

குடியிருப்போர் சங்கம் வலுவாக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலைச் சீரமைப்பு என்றால் மக்கள் பங்கு பாதி. 3 லட்ச ரூபாய் வேலைக்கு 1 லட்சம் திரட்ட வேண்டும். அதை 60 வீட்டில் திரட்டப் போய் இரண்டு நட்பை இழந்த சங்கத் தலைவரை எனக்குத் தெரியும்.

7. பகுதி சபைக்குப் போங்கள்

புதிதாக வந்தவர்களுக்கு இதைப் பற்றித் தெரிவதே இல்லை. சென்னையில் ஒவ்வொரு வார்டையும் 10 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பகுதி சபை. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். 10 பகுதிக்கும் ஒருவராகப் பத்துப் பேர், தலைவராகக் கவுன்சிலர், இதுதான் வார்டு குழு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று தமிழகம் முழுக்க இவை கூடின, முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்குப் போனார். கிராமசபை மாதிரி நகரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் எப்போது, எங்கே என்ற தகவல் உங்கள் வாசலுக்கு வராது. வார்டு அலுவலகத்தில் போய் உங்கள் பகுதியின் எண் என்ன, பகுதி உறுப்பினர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் போன கூட்டம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நடந்தது. மொத்தம் 23 பேர், அதில் 9 பேர் அலுவலர்கள். யாரும் வாக்காளர் அட்டை கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் வாரியப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், உதவிப் பொறியாளர் மூவரையும் ஒரே அறையில் பார்த்தது அன்றுதான். வடிகாலா சாக்கடையா என்ற பந்தை ஒருவர் மேல் ஒருவர் போட முடியாமல் அங்கேயே முடிவுக்கு வந்தார்கள்.

பேசும்போது நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். தீர்மானமாக ஏறாதது பேசாததற்குச் சமம்.

8. நகராவிட்டால்

மனு கொடுத்து 30 நாள் ஆகியும் அசைவில்லை என்றால் கவுன்சிலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் மண்டலக் குழு உண்டு. அதன் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் மனு நகலைக் கொடுத்து ‘இந்தக் கூட்டத்துல எழுப்புங்க’ என்று கேளுங்கள். மேயர் மண்டலங்களுக்கு வந்து மனு வாங்கும் ‘மக்களைத் தேடி மேயர்’ நிகழ்ச்சி உங்கள் மண்டலத்துக்கு வந்தால் அங்கேயும் கொடுக்கலாம். முதலமைச்சர் உதவி மையம் 1100-இல் பதிந்தால் மனு சுற்றி வந்து கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும், ஆனால் இந்த முறை பதில் எழுதியாக வேண்டிய கடிதமாக வரும்.

அதற்கும் மசியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பெறுநர், மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை ‘தகவல் இல்லை’ என்று திருப்பிவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தேதி மனுவின் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்தில் பதில் வருவதற்கு முன்பே மூடி வந்துவிட்டது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 12-ஆம் நாள். பதினொரு மாதத்தில் ஜெராக்ஸ், போட்டோ, தபால், வில்லை எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள்தான் செலவு. ஆட்டோவுக்குப் போனது வேறு கணக்கு, அதில் பெரும்பகுதி முதல் 7 மாதத்தில் போனது.

9. ஆதாருக்கு முகவரிச் சான்று

புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் கவுன்சிலர் வாசலை மிதிப்பது இதற்காகத்தான். வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் எதுவும் உங்கள் பெயரில் இல்லை என்றால், ஆதார் முகவரி மாற்றத்துக்குக் கவுன்சிலர் கையெழுத்திட்ட சான்று செல்லும். ஆனால் அவருடைய லெட்டர்பேடில் எழுதித் தருவது செல்லாது. ஆதார் ஆணையத்தின் தளத்தில் இருக்கும் சான்றுப் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். 3.5 செ.மீ. × 4.5 செ.மீ. அளவில் அண்மையில் எடுத்த போட்டோ ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், என் மைத்துனர் இரண்டு முறை திரும்பினார். தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். சான்றுக்குப் பணம் கிடையாது. ஆதார் மையத்தில் முகவரி மாற்றக் கட்டணம் 75 ரூபாய். போகும்போது இப்போதைய ஆதார், வீட்டு உரிமையாளரின் சொத்து வரி ரசீது நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். முன்பின் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போடக் கவுன்சிலர் தயங்குவது நியாயம்தான்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எதையும் கவுன்சிலரிடம் கேட்க வேண்டாம். அவை வருவாய்த் துறை தருபவை, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம்.

10. காகிதங்களை எடுத்து வையுங்கள்

முத்திரை வாங்கிய பிரதிகள், புகார் எண்கள், போட்டோக்கள், தகவல் உரிமைப் பதில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலை முடிந்த நாளிலும் போட்டோ எடுங்கள். புதிதாகப் போட்டது சீக்கிரமே பெயர்ந்துவிட்டால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதற்குப் பணி ஆணை நகல் வேண்டும். இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது, காலம் ஐந்தாண்டு. உங்கள் வேலை நடுவில் நிற்கும்போது கவுன்சிலர் மாறினால், பழைய மனுவின் நகல் ஒன்றும் நிலவரத்தை நான்கு வரியில் சொல்லும் கடிதம் ஒன்றும் புதியவர் கைக்கு முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். அந்த வாரத்தில் மாலையும் சால்வையுமாகக் கூட்டம் இருக்கும், காலை ஆறரைக்கே போய்விடுங்கள்.